வலது ஓரம்

மூன்றாவது இழுப்பறையையும் கவிழ்த்துக் கொட்டியாயிற்று. அப்பாவின் படம் ஒன்றுகூட இல்லை.

"நாப்பது வருஷமா மத்தவங்க படத்தையெல்லாம் குறை சொன்னான். அவனுக்குன்னு ஒரு படம் இல்ல பாரு," என்றாள் அத்தை. அப்பாவுக்கு மூத்தவள். முழங்கால் வலி என்று கட்டிலில் உட்கார்ந்தபடியே எங்கெங்கே தேட வேண்டும் என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

முன்னறையில் அப்பா பெட்டிக்குள் கிடந்தார். நாலு மணிக்கு எடுக்க வேண்டும். சவப்பெட்டிக் கடைக்காரர் வெறும் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். தலைமாட்டில் படம் வைக்காமல் அவர் இதுவரை ஒருவரையும் அனுப்பியதில்லையாம். மூன்று மணிக்குள் கொடுத்தால் போதும் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார். அடையாள அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் புள்ளிகள்தான் வந்தன.

அவரைப் படம் எடுக்க ஆளில்லாமல் இல்லை. ஊரில் கேமரா வைத்திருந்த அத்தனை பேரும் சனிக்கிழமை தவறாமல் புகைப்படச் சங்கத்து மேஜையில் அப்பாவின் முன்னால்தான் போய் நின்றார்கள். நீட்டிய படத்தை அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். பிறகு சட்டைப்பையிலிருந்து சின்னக் கத்திரியை எடுப்பார். எடுத்தவர் கண்முன்னாலேயே படத்தை வெட்டி, "இதுதான் படம்" என்று ஒரு துண்டையும், "இது குப்பை" என்று மறு துண்டையும் திருப்பிக் கொடுப்பார். வெட்டச் சொல்லி யாரும் கேட்டதில்லை. வெட்டாதே என்றும் யாரும் சொன்னதில்லை. திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போய், அடுத்த சனிக்கிழமை இன்னொரு படத்தோடு வந்து நிற்பார்கள். முதுகுக்குப் பின்னால் கத்திரி என்று பெயர் வைத்ததுதான் அவர்களால் முடிந்தது. அவரையே எடுத்துக்கொண்டு வந்து காட்டியவர்களும் உண்டு. அந்தப் படங்களில் அவருக்கு எதுவுமே தேறவில்லை. பொடிப்பொடியாக நறுக்கிவிட்டு, "என்னை எடுக்கத் தெரிஞ்சவன் இன்னும் பொறக்கல" என்பார்.

"நேத்து அந்த நர்ஸ் பொண்ணு உன் போன்ல எடுத்துச்சே, நீயும் அவனும் இருக்கிற மாதிரி. அதைக் கொடுத்துடேன்," என்றாள் அத்தை.

மகள் போனைத் திறந்து பார்த்தாள். தலையணையில் அப்பா, பக்கத்தில் அவள். நர்ஸ் அதை ஆசையாக அவர் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டியிருந்தாள். அவர் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"பின்னாடி வாளி எதுக்கு?"

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. காலை ஆறு மணிக்குப் போய்விட்டார். மகளுக்கென்று ஒரு சொல்லாவது மிச்சம் வைத்திருப்பார் என்று அதுவரை கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வைத்திருக்கவில்லை. வாளிதான் கடைசி.

"இது வேண்டாம் அத்தை. வாளி தெரியுது."

அத்தை அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "அப்பனுக்குத் தப்பாமப் பொறந்திருக்கடி."

மெத்தையைத் தூக்கியபோது பெரிய பழுப்பு உறை ஒன்று கிடைத்தது. படம் இல்லை, எக்ஸ்ரே. ஒன்பது மாதம் முன்பு அவளே எடுத்தது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பதுதான் அவள் வேலை. பத்தொன்பது வயதில் கேமராவைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு இந்த வேலைக்குப் போனாள். எலும்பைப் பார்த்து அழகாக இருக்கிறதா இல்லையா என்று யாரும் சொல்ல மாட்டார்கள் என்று நம்பித்தான் போனாள். அப்பாவின் நுரையீரலில் எலுமிச்சை அளவுக்கு வெள்ளையாக ஒன்று தெரிந்த அன்று, அது என்னவென்று கேட்கப்போகிறார், என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டு நின்றாள். அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "சாய்ச்சு எடுத்திருக்க. வலது தோளை வெட்டிட்ட," என்றார்.

உறையின் மேல் சிவப்புப் பென்சிலில் எழுதியிருந்தார். அதை இப்போதுதான் பார்க்கிறாள். சாய்வு. திரும்ப எடுக்கவும்.

அவளுக்கு அழுகை வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது.

முன்னறையில் சங்கத்துக்காரர்கள் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். வயது அறுபதைத் தாண்டியவர்கள்தான். இன்று எல்லோருக்கும் வாய் திறந்துகொண்டது.

"முகத்துல வெளிச்சம் ஒரு பக்கமாத்தான் விழுது," என்றார் கணக்கு வாத்தியார்.

"மோவாய்க்குக் கீழ நிழல் வேற," என்றார் பல் டாக்டர். "இதை எடுத்துட்டு வந்திருந்தோம்னா கழுத்தோட நறுக்கியிருப்பார்."

வாத்தியார் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் குலுங்கினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அழுவதுபோல்தான் இருந்தது.

செத்தவர் வீட்டில் நின்று கேலி பேசுகிறார்களே என்று அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் நிழல் இருந்தது. போய்த் திரைச்சீலையை விலக்கினாள். நிழல் குறைந்தது.

இரண்டே முக்காலுக்கு மருந்துக்கடைக்காரர் வந்தார். சங்கத்திலேயே அதிகம் வெட்டு வாங்கியவர். கையில் பாலிதீன் உறை, அதற்குள் ஒரு பெரிய படம்.

"இது உங்கப்பாவுக்குத் தெரியாதும்மா. இருபத்திரண்டு வருஷமாச்சு. காட்டியிருந்தா வெட்டியிருப்பார். அதான் காட்டவே இல்ல."

படத்தில் சங்கத்து மேஜை. நடுவில் அப்பா. கத்திரியை அப்போதுதான் கீழே வைத்திருக்கிறார். கை பாதி தூக்கியபடி இருக்கிறது. முகத்தில் ஒரு சிரிப்பு, வாயில் அல்ல, கண்ணோரத்தில். வீட்டில் ஒரு நாளும் அவள் பார்க்காத சிரிப்பு. வலது ஓரத்தில் ஒரு பெண் நின்றாள். இரண்டு கையிலும் ஒவ்வொரு துண்டு. அழப் போகிற முகம்.

அவளுக்கு அந்தச் சனிக்கிழமை நினைவிருந்தது. அம்மா ஜன்னலோரம் நாற்காலியில் தூங்கிப்போன ஒரு பிற்பகலைப் படமெடுத்துக் கொண்டுபோயிருந்தாள். அவள் எடுத்ததிலேயே நல்ல படம் என்று நினைத்திருந்தாள். மேஜைக்கு வந்துவிட்டால் சொந்தபந்தம் கிடையாது என்பது அப்பாவின் சட்டம். "இந்தப் பொம்பளைக்கு இங்க என்ன வேலை? ஜன்னல்தான் படம்" என்று எல்லோர் முன்னாலும் தன் பெண்டாட்டியை வெட்டி எடுத்து மகள் கையில் கொடுத்தார். அந்த வருடப் போட்டியில் ஜன்னலுக்கு முதல் பரிசு கிடைத்தது. சங்கத்துச் சுவரில் மாட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, "அதுல நான் எங்கடி?" என்று அம்மா கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அடுத்த வருடம் அம்மாவும் போய்விட்டாள்.

"படம் எப்படிம்மா இருக்கு?" என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார். இருபத்திரண்டு வருடமாக அவர் கேட்க நினைத்திருந்த கேள்வி. பதில் சொல்ல வேண்டியவர் பெட்டிக்குள் கிடந்தார்.

நல்லா இருக்கு மாமா என்றால் போதும். வாய்வரைக்கும் வந்தது.

"கதவு நேரா இல்ல," என்றாள். "கை ஆடியிருக்கு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எத்தனையோ சனிக்கிழமைகளில் குனிந்த அதே குனிவு.

சவப்பெட்டிக் கடைக்காரர் சட்டத்தைப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தார். "அகலம் கொள்ளாதும்மா. ஓரத்துல நிக்கிற பொண்ணை எடுத்துட்டா கச்சிதமா அடங்கிடும்."

அது யாரென்று அவருக்குத் தெரியாது. பல் டாக்டர் வேறு பக்கம் பார்த்தார்.

"நான் வேணா ஸ்டூடியோல கொடுத்து, முழுசா வர்ற மாதிரி..." என்று மருந்துக்கடைக்காரர் ஆரம்பித்தார்.

"நேரமில்ல."

அவள் அப்பாவின் அறைக்குப் போய், ஆணியில் தொங்கிய சட்டையின் பையிலிருந்து கத்திரியை எடுத்துவந்தாள். படத்தை மேஜையில் வைத்து ஒரு கண்ணை மூடினாள். ஒரே வெட்டு. கை ஆடவில்லை.

துண்டு தனியாக விழுந்ததும் மேஜையும் அப்பாவும் அந்தத் தூக்கிய கையும் மட்டும் நின்றன. இத்தனை நேரம் கண்ணை ஓரத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தது போய்விட்டது. இப்போது அது மருந்துக்கடைக்காரர் எடுத்த படம் மாதிரியே இல்லை. அந்தச் சிரிப்பு யாரை அழவைத்த சிரிப்பு என்று இனி ஒருவராலும் சொல்ல முடியாது. நல்ல மனிதர், ஏதோ நல்லது சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றுதான் தோன்றும். படம் தேறிவிட்டது. அப்பா இருந்திருந்தாலும் அதே இடத்தில்தான் வெட்டியிருப்பார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

சட்டத்தில் போட்டுத் தலைமாட்டு ஸ்டூலின் மேல் வைத்தார்கள். சங்கத்துக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். குறை சொல்ல ஒருவருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

"சாய்ஞ்சிருக்கு," என்றாள் அவள்.

ஸ்டூலில் ஒரு கால் குட்டை. அத்தை முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்துவந்தாள். மேஜையில் கிடந்த துண்டை எடுத்தாள். கண்ணாடி போட்டிருக்கவில்லை.

"இது யாருடி? வேணுமா?"

"வேண்டாம் அத்தை."

அத்தை அதை இரண்டாக மடித்து, நகத்தால் அழுத்தி, மறுபடி இரண்டாக மடித்தாள். சவப்பெட்டிக் கடைக்காரர் குனிந்து அதைக் குட்டைக் காலுக்கு அடியில் செருகினார்.

"இப்ப சரியா இருக்கா பாரு," என்றாள் அத்தை.

அவள் இரண்டடி பின்னால் போய் ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.

"சரியா இருக்கு," என்றாள்.