கிளியனூர்ப் பங்காளியின் சாவு

என் மாமியார் ஆண்டாளுக்குத் தெரியாத சாஸ்திரம் கிடையாது. பிரம்மதேசத்திலிருந்து மரக்காணத்துக்கு மருமகளாக வந்த புதிதில் வாயைப் பிளந்துகொண்டு கேட்பேன். எங்கள் வீட்டுக்குக் குத்தகை உப்பளம் உண்டு. தை மாதம் முதல் உப்பு வாரியதும், அங்கே வேலை செய்யும் அம்சவல்லி அக்கா ஒரு பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவார். அத்தை கை நீட்ட மாட்டார். "உப்ப கையில குடுத்தா சண்டை வரும் அம்சா, அப்டி ஓரமா வை" என்பார். எவ்வளவு விவரம் தெரிந்த மனுஷி என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு பார்த்தால் காபியும் வாசற்படியில்தான் வைக்கப்பட்டது. கேட்டால், கை சுட்டுவிடுமாம். தீபாவளிக்குக் கொடுத்த புடவையும் படியில்தான். புடவை யார் கையைச் சுட்டது?

திண்டிவனத்திலிருந்து அத்தையின் தங்கை வந்திருந்தபோது ஊறுகாய்க்கு உப்பு கேட்டார். அத்தை கல்லுப்பை அள்ளி அவர் உள்ளங்கையிலேயே கொட்டினார். "சண்டை வராதா அத்தை?" என்றேன். "அவ என் கூடப்பொறந்தவடி" என்று சிரித்தார். சாஸ்திரமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அம்சவல்லி அக்கா காலனியிலிருந்து வருகிறவர், அவர் கை இவர் மேல் படக் கூடாது, விஷயம் அவ்வளவுதான். தொட மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்கிறவர்களோடாவது மல்லுக்கட்டலாம். 'அம்சா, அம்சா' என்று தேன் ஒழுகப் பேசிக்கொண்டே ஒதுக்குகிறவரை என்ன செய்வது? அன்றிலிருந்து அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

இந்தச் சித்திரையில் அக்காவின் மகள் வினோதினிக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா தலைக்குக் குளித்து, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தார். கையில் தட்டு. வெற்றிலை, பாக்கு, பழம், மேலே மஞ்சள் தடவிய பத்திரிகை. கல்யாணத் தாம்பூலத்தை யாரும் தரையில் வைத்துக் கொடுப்பதில்லை, ஓரமாக வை என்றும் யாரும் சொல்ல முடியாது. அது அக்காவுக்கும் தெரியும். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அத்தையின் கைக்கு எதிரே நேராக நீட்டினார்.

"நீங்கதாம்மா மொத வீடு. உங்க கையால வாங்கிக்கணும்."

அத்தை ஒரு நொடி தடுமாறினார். ஒரே நொடிதான். "ஐயோ அம்சா, நாங்க தீட்டுல இருக்கோம். பங்காளி செத்துட்டாரு. தாம்பூலம் வாங்கக் கூடாதே" என்றார்.

நான் திகைத்துப் போனேன். யாரும் சாகவில்லை. அக்கா பதறிப்போய்த் தட்டைப் பின்னுக்கு இழுத்தார். "தெரியாம நீட்டிட்டேன், மன்னிச்சிக்கங்கம்மா. யாருங்க செத்தது?"

அத்தைக்குப் பெயர் வேண்டியிருந்தது. வாயில் வந்தது, "கிளியனூரு தட்சணாமூர்த்தி."

அக்கா அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டார். தட்சணாமூர்த்தி மாமா முன்பு எங்கள் அளத்து உப்பை லாரியில் ஏற்றியவர். அக்காவின் புருஷன் முருகையனைப் பாம்பு கடித்தபோது, பாதி லோடோடு லாரியைத் திருப்பி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர்தான். "தெய்வம் மாதிரி மனுசன்" என்று அக்கா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். அத்தையும் கூடச் சேர்ந்து மூக்கை உறிஞ்சினார். உயிரோடு இருக்கிற மனிதனுக்காக! கண்ணில் தண்ணீர்கூட வந்தது.

அக்கா போனதும் வெடித்தேன். "என்ன அத்தை இது, வாய் கூசலயா?"

"சும்மா இருடி. அவ மனசு நோவக் கூடாதுன்னுதான் அப்டி சொன்னேன்" என்றார். சாயங்காலம் தலையில் பூ வைத்துக்கொண்டு விளக்கேற்றினார். தீட்டு வீட்டில்!

மறுநாள் மத்தியானம் அத்தையின் போன் அடித்தது. ஸ்பீக்கரில்தான் பேசுவார். "ஏன் அண்ணி, நான் எப்ப செத்தேன்?" என்றார் தட்சணாமூர்த்தி மாமா. முருகையனும் அம்சவல்லியும் வேலைக்குப் போகாமல், இரண்டு பஸ் மாறி, பெரிய ரோஜா மாலையோடு அவர் வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறார்கள். அவர் கைலியோடு உட்கார்ந்து மீன்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். "என்னைப் பாத்ததும் அந்தப் பொண்ணு ஓன்னு அழுதிச்சி. யாரு சொன்னான்னு கேட்டா வாயே தொறக்கல. அவ புருஷன்தான் உங்க பேரச் சொன்னான்."

"அது வேற தட்சணாமூர்த்திங்க, அதுக்குத் தப்பா காதுல விழுந்திருக்கு" என்று அத்தை சளைக்காமல் சொல்லி போனை வைத்தார். அந்த வேகம்தான் என்னை அருவருக்க வைத்தது. ஒரு பொய் மாட்டிக்கொண்டால் அடுத்தது தயாராக இருக்கிறது, கை மட்டும் நீள மாட்டேன் என்கிறது.

அன்று மாலையே அக்கா வந்தார். அதே பட்டுப்புடவை, அதே தட்டு, புது வெற்றிலை. சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன், போட வேண்டும் என்றுகூட ஆசைப்பட்டேன். அவர் நிதானமாகப் பேசினார்.

"அவரு நல்லாத்தான் இருக்காரும்மா. தீட்டு ஒண்ணும் இல்ல. இப்ப வாங்கிக்கங்க."

அத்தை தோளிலிருந்த முந்தானையை எடுத்து, இரண்டு கையும் மறையும்படி விரித்து நீட்டினார். "முந்தானையில வாங்கினா லட்சுமியையே வாங்கின மாதிரி. போடு அம்சா."

அக்கா அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "கையில வாங்குங்கம்மா" என்றார் மறுபடியும். குரல் உயரவில்லை.

"அடுப்புல பால் வெச்சிருக்கேன், பொங்கிடும்" என்று சொல்லிவிட்டு அத்தை விறுவிறுவென்று உள்ளே போனார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முன்னால் போய் இரண்டு கையையும் நீட்டினேன். "என்கிட்ட குடுங்கக்கா. நான் வரேன் கல்யாணத்துக்கு."

அக்கா தலையை ஆட்டினார். என் மேல் கோபமில்லை, ஆனால் தட்டு நகரவில்லை. "நீ வாங்குவ பூவிழி, அது தெரியும். உன் கையில குடுக்க நான் ரெண்டு தடவை நடக்கலயே. இந்த வீட்டுக் கொழம்புல இருக்கிற உப்பு மொத்தமும் இந்தக் கையி வாரினது. அத அந்தம்மா ஒரு தடவ தொடட்டும்னு வந்தேன்." பத்திரிகையைத் தட்டிலிருந்து எடுத்துத் தன் பைக்குள் வைத்தார். படி இறங்கிப் போய்விட்டார்.

நான் உள்ளே போனேன். அடுப்பு பற்றவைக்கப்படவே இல்லை. அத்தை இருட்டில் கதவோரமாக ஒதுங்கி நின்றுகொண்டிருந்தார்.

"போயிட்டாளா?" என்று கிசுகிசுத்தார்.

"போயிட்டாங்க" என்றேன். "கல்யாணத்துக்கு நாம வேணாமாம்."