பெயர் தைத்த சட்டை

இந்தோனேசியாவின் மகாஸார் நகரத்தில் ஒரு கல்லூரியின் கணினித் துறையில் பாடம் நடத்துவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் சுமப்பதுதான். மாணவர்கள் மரியாதையாக இபு, அதாவது அம்மா, என்று கூப்பிடும் ஹஸ்னிடார் பதினோரு வருடமாகச் சுமந்தாள். பட்டம் வாங்கிப் போகிறவர்களில் பாதிப் பேருக்குச் சொந்தமாகப் பத்து வரி புரோகிராம் எழுத வராது. எப்படி வரும்? தேர்வுக்கே கூலிக்கு ஆள் அனுப்புகிற கூட்டம். போன வருடம் ஒரே கூலியாள் மூன்று பேருடைய பெயரில் எழுதிவிட்டுப் போனது தெரிந்து, அவளுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அதற்கப்புறம்தான் விதி போட்டாள். நெஞ்சில் பெயர் தைத்த நீலத் துறைச் சட்டை இல்லாமல் செய்முறைத் தேர்வுக்கு யாரும் உள்ளே வரக்கூடாது.

இந்த வருடத்து இருபத்து மூன்று பேரும் திருடாமல், தூங்காமல், தாங்களே செய்து கற்றவர்கள். அவர்களை முழுசாகக் கரை சேர்க்க வேண்டும். அவளுக்கு வேறு ஆசை இல்லை.

தேர்வன்று மற்றவர்கள் விடியும் முன்பே வந்துவிட்டார்கள். கைப்பேசிக் கடையில் வேலை பார்க்கும் பாசோ மட்டும் தேர்வு தொடங்கி அரை மணி கழித்து, எட்டரைக்கு, வெறும் பனியனோடு வந்து நின்றான். கூட்டத்திலேயே கெட்டிக்காரன். சட்டை எங்கே என்று கேட்டாள். முன்வாசலுக்கு வெளியே ஜெராக்ஸ் கடையில் கழற்றி வைத்ததாகச் சொன்னான். ஏன் என்றதற்குத் தரையைப் பார்த்தான்.

பொறியியல் துறைப் பையன்களுக்கும் இவர்களுக்கும் இரண்டு நாள் முன்பு நடந்த அடிதடி அவளுக்குத் தெரியும். ஓய்ந்துவிட்டது என்று நினைத்திருந்தாள். முன்வாசலில் பொறியியல் பையன்கள் நீலச் சட்டைக்காரர்களுக்காகக் காத்திருந்தது, பின்வாசல் வழியாகக் காரில் வந்தவளுக்குத் தெரியாது.

"நம்ம சட்டையப் போட்டுட்டு ரோட்டுல நடக்கப் பயமாடா உனக்கு?" என்றாள், அத்தனை பேர் முன்னால்.

பூகிஸ் இனத்தானை நாலு பேர் நடுவே பயந்தவன் என்று சொல்லக்கூடாது. சொல்வதற்குப் பதில் செருப்பால் அடிக்கலாம். அவளும் பூகிஸ் பெண்தான், தாய்ப்பாலோடு குடித்த பாடம். பாழாய்ப்போன கோபம் கண்ணை மறைத்துவிட்டது.

பாசோவின் முகம் கறுத்தது. "பயமில்ல, இபு. போட்டுட்டு வரேன்" என்று போனான்.

ஐந்து நிமிடத்தில் கூச்சல் கேட்டு ஓடினாள். அவன் கழுத்துவரை பொத்தான் போட்டு, நடுரோட்டில், ஓடாமல் நடந்து வந்துகொண்டிருந்தான். மோட்டார் சைக்கிள் சக்கரக் கம்பியைத் தீட்டிக் கவணில் விட்ட அம்பு இடது கண்ணில் இறங்கியிருந்தது. அப்போதும் நடந்தான். பின்னாலிருந்து நீளக் கத்தி வந்தது. முதல் வெட்டுக்குத் தடுத்த கையில் மூன்று விரல்கள் போயின. இரண்டாவது கழுத்தில் விழுந்தது. அவள் மடியில் தூக்கிப் போட்டபோது வாயிலிருந்து ரத்தம்தான் வந்தது, பேச்சு வரவில்லை. அப்படியே அடங்கிவிட்டான்.

தேர்வு அறைக்குத் திரும்பியவள், வாசலில் ஆள் நிற்பது யாருக்குத் தெரியும் என்று கேட்டாள். எல்லோருக்கும் தெரியும், அதனால்தான் விடியும் முன்பே வந்தோம் என்றார்கள்.

"தெரிஞ்சுமா அவன விட்டீங்க?"

ஒரு பெண்தான் பதில் சொன்னாள். "நீங்க அப்படிக் கேட்ட பிறகு நாங்க தடுத்தா, அவன் எப்படி, இபு, தலை நிமிர்வான்?"

கொன்றது தான்தான் என்று ஹஸ்னிடாருக்குப் புரிந்தது. அதற்குள் பையன்கள் நாற்காலிக் கால்களைப் பிடுங்க ஆரம்பித்திருந்தார்கள். திரைகளில் பாதி எழுதிய விடைகள் அப்படியே நின்றன. போகாதீங்கடா என்று கெஞ்சினாள், அறைந்தாள், ஒருவன் காலைப் பிடித்தாள். கடைசியில் அறை வாசலை அடைத்துக் குறுக்கே படுத்தாள்.

"என்னைய மிதிச்சுட்டுப் போங்கடா."

அவர்கள் ஒவ்வொருவராக, குனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அவளைத் தாண்டிப் போனார்கள். ஒருவனுடைய கால்கூட அவள்மேல் படவில்லை. ஆசிரியைமேல் அவர்களுக்கு அவ்வளவு மரியாதை.