ஆற்றை பிள்ளை?

நோர்வேயிலை காசுக்குக் குத்துச்சண்டை பிடிக்கிறது தடை. ஆனபடியால் 2006இலை ஒரு சனிக்கிழமை பின்னேரம், ஜெர்மனியிலை நடந்த சாம்பியன் சண்டைக்கெண்டு ரீவிக்குத் தனியாக் காசு கட்டி, ரொம்சோஸிலை இருக்கிற எங்கடை அடுக்குமாடி வீட்டுக்குச் சிநேகிதரைக் கூப்பிட்டனான். வந்தவை ரோல்ஸைச் சாப்பிட்டுக்கொண்டு தங்கடை பாட்டிலை கதைச்சினம்.

"இவன் முப்பது சண்டையிலை ஒண்டும் தோக்காதவன். ஒருக்கால் திரும்பிப் பாருங்கோவன்," என்று ரீவியிலை நிண்ட சாம்பியனைக் காட்டினன்.

"ஆற்றை பிள்ளை? ஆரும் தெரிஞ்சாக்களோ?" என்று என்ரை மனுசி சிறிதேவி கேட்டா.

எனக்குக் கோவம்தான் வந்தது. நானே அவனை அண்டைக்குத்தான் முதல்முதல் பாக்கிறன். அதுவரை சண்டை நடத்திறவை காசு கட்டாதவைக்கு அவனைக் காட்டினதும் இல்லை, அவனைத் தோக்கடிக்கக்கூடிய ஆளோடை மோதவிட்டதும் இல்லை. அண்டைக்கும் அவன்தான் வெண்டான். ஒருத்தரும் கவனிக்கேல்லை.

அடுத்த நாள் மத்தியானம் திராமன் பட்டினத்திலை காசுக்கில்லாத அமெச்சூர் போட்டி, பாக்க டிக்கெட்டும் தேவையில்லை. மேல்மாடிக் குணசிங்கத்தின்ரை மகள் நிரோஜா சண்டை மேடையிலை ஏறினாள். முதல்நாள் ரோல்ஸ் சாப்பிட்ட அவ்வளவு பேரும் வந்து தொண்டை கட்டக் கத்திச்சினம். பிள்ளை தோத்துப்போனாள்.

திரும்பி வரேக்கை ரெயினிலை வேறை கதையே இல்லை. "இடக்கையைக் கீழை விட்டிட்டாள், அதுதான் பிழை," என்று மனுசி எனக்கே விளங்கப்படுத்தினா. நான் சந்தோசமாக் கேட்டுக்கொண்டு வந்தன்.

தோத்த பிள்ளையைத் தனிய விடக்கூடாதெண்டு நிரோஜாவின்ரை அடுத்த சண்டைக்கு வெளிக்கிட்ட எங்கடை சனத்துக்கு ரெண்டு பஸ் பிடிக்க வேண்டி வந்தது. அவள் வெண்டிருந்தால் ஒண்டே போதும்.