யார் ஜாடை

முகம் பிறந்தபோது நான் பிரசவ வார்டில் இருந்தேன். எலும்பு வார்டில் கட்டில் காலியில்லை. கபடிப் போட்டியில் எதிரணிப் பெண்ணின் முழங்கால் என் முகத்தில் இறங்கியதில் பழைய முகம் ஆடுகளத்திலேயே நொறுங்கிப் போனது. டாக்டர்கள் கன்னத்தில் தகடு வைத்து, தாடையில் திருகாணி போட்டு, புதிதாக ஒன்று செய்தார்கள்.

நர்ஸ் வெளியே போய் என் உறவினர்களிடம் சொன்னாள்.

"முகம் நல்லபடியா பொறந்திருக்கு. சுத்தி நிக்காதீங்க, காத்து வரட்டும்."

எல்லோரும் வந்து சுற்றி நின்றார்கள்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில், பிறந்த பிள்ளையின் வாயில் நல்ல குணமுள்ள ஒருவர் விரலால் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பார். சேனை வைப்பது என்று பெயர். வைத்தவரின் குணம் பிள்ளைக்கு வருமாம். எனக்குப் பத்தொன்பது வயது. குணமெல்லாம் எப்போதோ வந்துவிட்டது, அதுவும் கெட்ட குணம். முகம் இன்றைக்குத்தானே பிறந்திருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள்.

பூரணம் அத்தை சேனை வைத்தாள். அவளுக்கு நல்ல குணம் என்று முடிவு செய்தது அவளேதான். என் மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கம்பி இடுக்கில் விரலை நுழைத்தாள். விரலில் கருவாட்டு வாடை அடித்தது. சர்க்கரைத் தண்ணீர் உள்ளே போக வழியில்லாமல் தாடையில் வழிந்து கழுத்தில் போட்டிருந்த கட்டுத்துணியில் ஊறியது. எறும்புகள் வந்தன. எனக்குக் குமட்டியது. வாய் கட்டியிருக்கும்போது வாந்தியை எங்கே கொண்டுபோய் வைப்பது? விழுங்கினேன்.

"முழுங்கிட்டா பாரு, கெட்டிக்காரி," என்றாள் அத்தை.

டாக்டர் வந்து என் கன்னத்தைத் தட்டிப் பார்த்தார். தகரச் சத்தம் கேட்டது.

"ஆறிட்டு. இனி விளையாடலாம். ஆனா யாரு ஜாடைன்னு முடிவாகாம வீட்டுக்கு அனுப்ப முடியாது."

என் ஜாடைதான் என்று காட்ட என் நெஞ்சைத் தொட்டேன்.

"நெஞ்சு வலிக்கா?" என்று கேட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"இது நம்ம மூக்குல்லா."

அவர் சொல்லி முடித்ததும் மூக்கு வீங்கி அவருடையதாகிவிட்டது. உள்ளே மயிர் முளைத்தது. அது உடனே பொடி கேட்டது. பெரியப்பா இடுப்பிலிருந்து டப்பாவை எடுத்து ஒரு சிட்டிகை ஏற்றினார். தும்மினால் தையல் பிரியும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். தும்மினேன். தையல் பிரியவில்லை. பெரியப்பாவின் சளி வந்தது, காப்பி நிறத்தில். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அவர் அதைக் கைக்குட்டையில் வாங்கிப் பார்த்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அத்தைக்குப் பொறுக்கவில்லை.

"அப்ப உதடு எனக்கு. சேனை வச்சது நானு."

உதடு தடித்துச் சிவந்தது. வெற்றிலை கேட்டது. நான் மென்றதில்லை, ஆனாலும் வாயில் எச்சில் ஊறி ஊறிக் கம்பிகளுக்கிடையில் சிவப்பாக வழிந்தது. தலையணை உறையைப் பார்த்த நர்ஸ், "ரத்தமா?" என்று கேட்டாள். "இல்ல, என் எச்சி," என்றாள் அத்தை பெருமையாக.

லிங்கம் மாமா தாடையை எடுத்துக்கொண்டார். அது காலையில் முள் முள்ளாக எழுந்து நின்றது. அவர் தினமும் தன் துருப்பிடித்த பிளேடோடு வந்து சிரைத்தார். தண்ணீர் கேட்கவில்லை. உள்ளங்கையில் துப்பித் தேய்த்தார்.

"சொந்தத் தாடைக்கு என்ன கூச்சம்," என்றார்.

எனக்கு என் முகத்தைத் தொடவே அருவருப்பாக இருந்தது. முகம் கழுவினால் மூன்று பேரைக் குளிப்பாட்டுவது போலிருந்தது. அதனால் கழுவுவதை விட்டுவிட்டேன்.

அம்மா மட்டும் எதையும் எடுக்கவில்லை. மூலையில் உட்கார்ந்து, என்னால் தின்ன முடியாத சாத்துக்குடிகளை உரித்துக்கொண்டே இருந்தாள். மற்றவர்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் பக்கத்தில் வந்தாள்.

"செம்பகம், கண்ணை மட்டும் நான் வச்சிக்கிடவா?"

கேட்டவள் அவள் ஒருத்திதான். தலையை ஆட்டினேன். அதன்பிறகு வார்டில் எந்தக் கட்டிலுக்கடியில் தூசி இருந்தாலும் எனக்குத் தெரிந்தது. காரணமில்லாமல் தண்ணீர் வடிந்தது.

ஜாடை முடிவாகிவிட்டது என்று டாக்டரே வந்து கம்பிகளை வெட்டி எடுத்து வீட்டுக்கு அனுப்பினார். வார்டிலிருந்து வாசல் வரை நடக்கவே ஒரு நாள் பிடித்தது. வழியெல்லாம் உறவினர்கள் நின்று அவரவர் பாகத்தைக் கிள்ளிக் கொஞ்சினார்கள்.

வீட்டுக்கு வந்து நாக்கைச் சுழற்றிப் பார்த்தேன். நாக்கு பழையதாகவே இருந்தது. அதில் கத்தி படவில்லை. ஜாடை பார்த்தவர்கள் கண்ணிலும் படவில்லை. எனக்கென்று மிஞ்சியது அதுதான். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு. அதை யாரிடமும் சொல்லவில்லை.

கோச் சேர்மக்கனி சார் வந்தார். ஞாயிற்றுக்கிழமை மாநில அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். என்னை உற்றுப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்துத்தான் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"முகத்தை விடு தாயி. எனக்கு மூச்சுதான் வேணும். எதிராளி பக்கம் போய்த் தொட்டுட்டு நடுக்கோட்டுக்குத் திரும்புற வரைக்கும் ஒரே மூச்சுல கபடி பாடணும். வாயைத் திறந்து பாடணும். அம்பயர் காதுல விழலைன்னா அவுட்டு. இந்தத் தடவை விட்டா இனி உன்னைக் கூப்பிட மாட்டாங்க."

அடுக்களையிலிருந்து அத்தை எட்டிப் பார்த்தாள்.

"வாயைத் திறக்கணுமா? ஐயையோ, நாக்கை இன்னும் பாக்கலையே நாம!"

அன்றிலிருந்து வீட்டில் அதே பேச்சுத்தான். பெரியப்பா தன் நாக்கை நீட்டிக் கண்ணாடியில் ஒத்திகை பார்த்தார். லிங்கம் மாமா அவர் நாக்கின் நீளத்தைக் குறை சொன்னார். அத்தை டார்ச் லைட்டோடு என் பின்னாலேயே அலைந்தாள்.

"ஆ காட்டுட்டி."

உதடு அவள் பேச்சைக் கேட்டுத் திறந்துகொண்டது. பல் என் பேச்சைக் கேட்டு மூடியே இருந்தது. நான் கஞ்சியைக் குளியலறையில் வைத்து ஸ்ட்ராவில் உறிஞ்சினேன். யாரோடும் பேசவில்லை. நாக்கும் போய்விட்டால் கபடி பாடப் போவது நான் இல்லை. அத்தை பாடுவாள். அத்தைக்குப் படியேறினாலே மூச்சு வாங்கும்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அம்மா ஓரத்தில் இருந்தாள். எதிரணியில் ஏழு பேர் கைகோத்து நின்றார்கள். அம்பயர் என் பெயரைக் கூப்பிட்டார். வாயைத் திறக்காமல் நின்றால் நாக்கு பிழைக்கும். நின்றேன்.

"பாடு தாயி!" என்று கோச் கத்தினார்.

மூச்சை இழுத்தேன். பொடி வாடையோடு காற்று நெஞ்சு முழுக்க இறங்கியது. வாயைத் திறந்து கோட்டைத் தாண்டினேன்.

கபடி கபடி கபடி.

என் குரல்தான். எத்தனை நாளாகிவிட்டது அதைக் கேட்டு.

டார்ச் வெளிச்சம் நேராக என் வாய்க்குள் வந்தது. "தெரியுது, தெரியுது! அந்த நாக்கு அப்படியே..." என்று அத்தை எழுந்தாள். அவள் முடிப்பதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். தொட்டால் அவுட். அந்த நேரம் எனக்கு நினைவு வந்த சட்டம் அது ஒன்றுதான். கைகோத்த ஏழு பேருக்கும் அடியில் குனிந்து ஓடினேன். ஆடுகளத்தின் கடைசிக் கோடு நீண்டு போய் நாற்காலிகளுக்குப் பின்னால் நின்றுகொண்டது. அம்பயர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

அத்தையின் தோளைத் தொட்டேன்.

"அவுட்," என்றார் அம்பயர்.

 அத்தை டார்ச்சை அணைத்துவிட்டு வெளியே போனாள். உதடும் கூடப் போனது. வலிக்கவில்லை. வாயைச் சுற்றிக் காற்று பட்டது, அவ்வளவுதான். பாட்டு கொஞ்சம் தேய்ந்து வந்தது, ஆனால் வந்தது.

பெரியப்பாவைத் தொட்டேன். மூக்கு போனது. பொடி வாடை நின்றது. லிங்கம் மாமா நாற்காலிக்கடியில் புகுந்தார். காலைத் தொட்டேன். தாடையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். குமட்டல் முழுதாக நின்றுபோனது. இவ்வளவு சுத்தமாக நான் இருந்ததே இல்லை.

கபடி கபடி.

மூச்சு பாதி மிச்சம் இருந்தது. நடுக்கோடு தெளிவாகத் தெரிந்தது. திரும்பினால் போதும்.

"செம்பகம்," என்றாள் அம்மா. நாற்காலியிலிருந்து எழுந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் மலர்ந்திருந்தது. "அந்த நாக்கு என்..."

தொட்டேன்.

"என்னையுமாட்டி?" என்றாள் அம்மா.

அம்பயர் கையைத் தூக்குவதைப் பார்த்தேன். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு வெளியே நடப்பதைப் பார்த்தேன். அவள் வாசலைத் தாண்டியபின் எதையும் பார்க்கவில்லை.

கூட்டம் சத்தமில்லாமல் இருந்தது. கோச்சும் பேசவில்லை. பாடிப் போனவருக்கு வெளியிலிருந்து வழி சொல்லக் கூடாது என்பார் அவர். கையை நீட்டித் துழாவினேன். யார் மேலும் படவில்லை.

நடுக்கோடு எந்தப் பக்கம் என்று கேட்க வேண்டும். கேட்டால் பாட்டு அறுந்துவிடும்.