காற்று மெஷினுக்கு ஒரு சட்டை

தையல்காரர் எதையும் யோசித்து வாங்குகிறவர் அல்ல. கல்யாணத்துக்கே அவர் யோசிக்கவில்லை. பெண்ணைப் பார்த்துவிட்டு மாடிப்படி இறங்கும்போதே சரி என்று சொல்லிவிட்டார். அப்படிப்பட்டவர் காற்றைச் சுத்தம் செய்யும் ஒரு சின்ன மெஷினுக்காக ஒன்பது நாள் மண்டையை உடைத்துக்கொண்டார் என்றால் விஷயம் பெரிதுதான்.

விஷயம் இது: அவர் மனைவி வீட்டில் இல்லை. சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை, இருமிக்கொண்டு போனாள். அவர்கள் இருந்தது மாடியில் இரண்டு அறை. முன்னறையில் தையல், பின்னறையில் படுக்கை, நடுவில் அடுப்புக்கு ஒரு சந்து. அவர் வெட்டித் தைக்க, அவள் ஓரம் மடித்துப் பொத்தான் வைக்க, முப்பது வருஷமாகத் துணியிலிருந்து பறந்த நூல்தூசி எல்லாம் எங்கேயோ போயிற்று என்று இருவரும் நினைத்திருந்தார்கள். அது அவள் நெஞ்சுக்குள் போயிருந்தது.

டாக்டர் அம்மா சுற்றி வளைக்காமல் சொன்னார். "துணி இருக்கிற வீட்டுல நீங்க படுக்கக் கூடாது. ஒண்ணு துணி வெளிய போகணும், இல்லேன்னா நீங்க போகணும்."

கீழே நோட்டுப் புத்தகக் கடை வைத்திருந்தவர், கடைக்குப் பின்னால் இருந்த கொட்டகையைத் தையலுக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார். தையல்காரர் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "அங்க வெளிச்சமே இல்ல. கறுப்பு நூலும் நீல நூலும் ஒண்ணாத் தெரியும்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆகவே துணி இருந்தது, மனைவி போனாள். நாலு நிறுத்தம் தள்ளி இருந்த அக்கா வீட்டுக்கு.

போன மறுவாரமே இருமல் பாதியாகக் குறைந்துவிட்டது. நல்ல செய்திதான். ஆனால் இனி அவள் எதற்குத் திரும்பி வருவாள் என்று தையல்காரருக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

தினமும் மதியம் சாப்பாட்டுக் கூடையோடு வருவாள். வாசற்படியில் நின்று பேசிவிட்டுப் போய்விடுவாள். வந்துவிடேன் என்று சொல்ல அவருக்கு நாக்கு நுனி வரை வரும். வந்து இருமு என்று எந்த வாயால் கூப்பிடுவது? அப்படியே விழுங்கிவிட்டுச் சோற்றைப் பிசைவார். இரண்டு மாதம் இப்படி ஓடியது.

ஒருநாள் அவள் கூடையைக் கீழே வைக்காமலே சொன்னாள். "அக்கா மாடி ரூமுக்குப் பெயிண்ட் அடிக்கிறா. நான் அங்கயே இருக்கறதா இருந்தா எனக்குப் பிடிச்ச கலர் அடிப்பாளாம். இல்லேன்னா வாடகைக்கு விட்டுடுவாளாம். மாசக் கடைசிக்குள்ள சொல்லணும். நீங்க என்ன சொல்றீங்க?"

தையல்காரர் கையில் இருந்த காலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உன் உடம்புக்கு எது நல்லதோ அதைச் செய்" என்றார்.

கேட்பதற்குப் பெருந்தன்மையாகத்தான் இருந்தது. ஆனால் அது பெருந்தன்மை இல்லை, பயம். அவள் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். கூடையை வைத்துவிட்டுப் படியிறங்கினாள். அன்றைக்குத்தான் அவர் மச்சானுக்குப் போன் போட்டார்.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. லிஃப்ட் பழுதுபார்ப்பது வேலை. குடும்பத்தில் அவருக்குப் பெயர் 'நிபுணர்'. எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பார், கேட்காவிட்டாலும் வைத்திருப்பார். ஒன்பது நாள் போனிலேயே பாடம் நடத்திவிட்டுப் பத்தாம் நாள் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

கடையில் அலமாரி நிறையக் காற்று மெஷின்கள். நிபுணர் நேராகப் போய் நின்றது இடுப்பு உயரத்துக்கு இருந்த ஒன்றின் முன்னால். ஏழு விளக்கு எரிந்தது. பூ வாசனை வேறு விட்டது.

"இதை எடுங்க மாமா. விளக்கைப் பார்த்தாலே காத்து எப்படி இருக்குன்னு சொல்லிடலாம்."

"அவளுக்கு வாசனை ஆகாது மாப்ளே. டாக்டர் சொல்லியிருக்காங்க. அப்புறம், இதை உள்ள வெச்சா நாங்க ரெண்டு பேரும் வெளியதான் படுக்கணும்."

விற்பனைப் பெண் சிரித்துக்கொண்டே கிட்டே வந்தாள். "உங்க ரூம் எத்தனை சதுர அடி சார்?"

அடிக்கணக்கு அவருக்கு வராது. "நூத்தி எட்டு இஞ்சு, நூத்தி பதினாலு இஞ்சு" என்றார். அந்தப் பெண் கால்குலேட்டரில் தட்டிப் பார்த்து, எண்பத்தைந்து சதுர அடிக்கு இது தாராளம் என்று கீழ்த்தட்டிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வைத்தாள்.

தையல்காரர் கழுத்தில் கிடந்த டேப்பை உருவினார். கல்யாண வீட்டுக்கும் அதை மாட்டிக்கொண்டு போகிறவர், கடைக்கு மட்டும் கழற்றிவைப்பாரா? உயரம் பதினாலரை. பக்கத்துக்கு எட்டு, சுற்றளவு முப்பத்திரண்டு. "ஒல்லியான ஆள்தான்" என்று திருப்தியோடு சொன்னார். நிபுணர் எனக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் இரண்டடி தள்ளி நின்றார்.

சத்தம் எப்படி என்று கேட்டார். ஓடவிட்டுக் காதை வைத்துப் பார்த்தார். மனைவிக்குத் தையல் மெஷின் கடகடக்கும்போது தூக்கம் வரும், அவர் குறட்டைக்கு வராது. இதன் சத்தம் இரண்டுக்கும் நடுவில் எங்கோ மெல்லியதாக இருந்தது.

"தூசியைப் பிடிக்கிற சாமான் எங்க இருக்கு?" என்றார்.

அந்தப் பெண் பெட்டியின் அடியைத் திருகித் திறந்து ஃபில்டரை வெளியே எடுத்தாள். தையல்காரர் குனிந்து பார்த்தார். வெள்ளை வெளேரென்ற தாளில், நூலிழை இடைவெளியில், வரிசை வரிசையாக மடிப்பு. ஒரு மடிப்புக்கூடக் கோணவில்லை. ஆயுள் முழுக்கப் பாவாடைக்கும் திரைக்கும் மடிப்புப் பிடித்தவர் அவர்.

"இதைப் பிடிச்சவன் கைக்காரன்" என்றார்.

"மெஷின்தான் பிடிக்கும் சார். ஆறு மாசத்துல கறுத்துடும், அப்போ மாத்திடணும்."

கறுத்துவிடும் என்றதும் அவர் முகம் வாடியதை நிபுணர் கவனிக்கவில்லை. அவர் இன்னும் ஏழு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து நிபுணர்தான் பிளக்கைச் சொருகினார். மேலிருந்து காற்று ஜிலுஜிலு என்று வந்தது. பெட்டியின் நாலு பக்கமும் சல்லடை போல் பொடிப்பொடி ஓட்டைகள். அவை எதற்கு என்று தையல்காரர் கேட்டார்.

"மோட்டார் சூடு வெளிய வர்றதுக்கு மாமா. காத்து அடியிலேர்ந்து போகும்." இதைச் சொல்ல நிபுணர் ஒரு கணம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் போனதும் தையல்காரர் மெஷினையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே அந்த வெள்ளை மடிப்பு. வெளியே முப்பது வருஷத் தூசி. மனசு கேட்கவில்லை. அந்த வீட்டில் தையல் மெஷினுக்கு உறை உண்டு, ரேடியோவுக்கு உறை உண்டு, தண்ணீர்க் குடத்துக்குக்கூட உண்டு. புதிதாக வந்தவன் மட்டும் வெறும் மேனியோடு நிற்கலாமா?

மெஷினோடு வந்திருந்த பெரிய விளக்கத்தாளை விரித்து, பொடி எழுத்துப் பக்கத்தைக் கீழே போட்டு, பின்பக்கம் அளவு வரைந்து வெட்டினார். மெஷின் நிறத்திலேயே சாம்பல் மல் துணி. மேலே காற்று வர ஒரு ஜன்னல், அதைச் சுற்றி ஓரப்பட்டையாகப் பைப்பிங், பின்னால் மூன்று பொத்தான். சூடு போக மல் துணி போதும், தூசியும் உள்ளே போகாது, ஃபில்டரும் கறுக்காது. தூசி பிடிக்க வாங்கிய மெஷினுக்குள் தூசி போகாமல் பார்த்துக்கொண்ட மனிதர் உலகத்திலேயே இவராகத்தான் இருப்பார். சுவரிலிருந்து ஒன்பது அங்குலம் அளந்து விட்டு, பின்னறை ஜன்னலுக்குக் கீழே நிறுத்தினார்.

தம்பி போனில் சொன்னதைக் கேட்டு மறுநாள் மனைவி ஒரு பையோடு வந்தாள். "மூணு ராத்திரி பார்க்கிறேன். இருமல் வரலைன்னா இருக்கேன். வந்தா அக்கா வீடுதான். சரியா?"

"சரி" என்றார்.

மெஷினைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. "இதுக்கும் சட்டையா!" என்றாள். பைப்பிங்கைத் தடவிப் பார்த்தாள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

முதல் நாள் காலையில் அவள் கண் சிவந்திருந்தது. "புது மெஷின்தானே, பழகட்டும்" என்றார். இரண்டாம் நாள் காலையில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள். அவர் தண்ணீர் மொண்டு கொடுத்தார். மூன்றாம் நாள் விடிந்தபோது அவள் பையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"கோபமில்லீங்க. நீங்க முயற்சி பண்ணீங்க" என்றாள். அதைவிட அவள் திட்டியிருக்கலாம்.

அழுகை வந்தால் அவர் ஏதாவது வேலை சொல்வார். "மெஷினை நீ எடுத்துட்டுப் போ. எனக்கு எதுக்கு அது? அங்கயாவது உபயோகப்படட்டும்" என்றார்.

அவள் பிளக்கைப் பிடுங்காமலே குனிந்து மெஷினை இரண்டு கையாலும் பிடித்தாள். தூக்கவில்லை. அப்படியே நின்றாள்.

"இது என்ன துணி?"

"மல். உனக்குத் தெரியாதா?"

"மல் மாதிரி இல்லியே. கம்பளி மாதிரி இருக்கு."

முப்பது வருஷம் ஓரம் மடித்த விரல்கள் அவளுடையவை, துணி விஷயத்தில் அவற்றை ஏமாற்ற முடியாது. நகத்தால் லேசாகச் சுரண்டினாள். சாம்பல் துணிமேல் சாம்பலாகப் படிந்திருந்த தூசி, தோசையைத் திருப்புகிற மாதிரி ஒரே ஏடாக உரிந்து வந்தது. நாலு பக்கமும் அப்படி. பின்னால் போய் மூன்று பொத்தானையும் கழற்றிச் சட்டையை உருவினாள். மெஷின் பெரிதாக ஒரு மூச்சு விட்டது. மேலே ஜன்னல் திரை படபடவென்று அடித்துக்கொண்டது.

இருவரும் அதைப் பார்த்தார்கள். மூன்று நாளாக அந்தத் திரை அசையவே இல்லை.

"இந்த மெஷினுக்கு ஒரு தாள் குடுத்திருப்பாங்களே?"

தையல்காரர் தயங்கித் தயங்கி வெட்டிய அளவுத்தாளை எடுத்து நீட்டினார். அவள் மறுபக்கம் திருப்பினாள். வெட்டியதில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு படம். அதில் இதே மாதிரிப் பெட்டி, அதன்மேல் ஒரு துணி போர்த்தி, குறுக்கே பெரிதாகப் பெருக்கல் குறி.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடியும் சிரிப்பாயிற்று. "நமக்காக மூச்சு விட வந்தவன் மூக்கைப் பொத்தி வெச்சிருக்கீங்களே! அந்த நிபுணன் என்ன சொன்னான்?"

"காத்து அடியிலேர்ந்து போகும்னான்" என்றார். முகத்தில் அசடு வழிந்தது.

அப்போது போன் அடித்தது. அக்கா. போனை எடுத்த மனைவி கேட்டுவிட்டு, அதைக் கையால் பொத்திக்கொண்டு அவரிடம் சொன்னாள். "பெயிண்டர் வந்து நிக்கிறாராம். என்ன கலர்னு கேக்கறா. இப்பவே சொல்லணுமாம்."

இன்னும் மூன்று ராத்திரி கேட்க வழியில்லை. மெஷின் சட்டையில்லாமல் வேலை செய்கிறதா என்று பார்க்கவும் நேரமில்லை. உன் உடம்புக்கு எது நல்லதோ என்ற வாக்கியம் வாய் வரைக்கும் வந்து நின்றது. அவள் கண் எடுக்காமல் அவரையே பார்த்தாள். அந்தப் பார்வையை அவருக்குத் தெரியும். பெயிண்ட் விஷயம் கேட்ட அன்றைக்கும் இதே போல்தான் பார்த்தாள்.

"இரு" என்றார். "மெஷின் வேலை செஞ்சாலும் இரு, செய்யாட்டியும் இரு. துணிய நான் வெளிய கொண்டு போறேன். கீழக் கொட்டகையில தைக்கிறேன். நீ இல்லாம எனக்கு இந்த வீட்டுல இருக்க முடியல."

அவள் போனைக் காதில் வைத்தாள். "அக்கா, எந்தக் கலர் வேணா அடிச்சுக்கோ. ரூமை வாடகைக்கு விட்டுடு" என்று சொல்லி வைத்துவிட்டாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்தாள்.

"கொட்டகையில வெளிச்சம் இல்லன்னீங்க?"

"லைட்டு போட்டுக்கலாம்."

"லைட்டு போட்டுக்கலாம்னு ரெண்டு மாசத்துக்கு முன்னாடி தெரியலையா?"

பொய் சொல்ல நல்ல சந்தர்ப்பம். ஆனால் அவர் சொல்லவில்லை. "தெரியும்" என்றார். "நீ நிஜமாவே போயிடுவேன்னு நான் நினைக்கல."

அவள் கண் நிறைந்துவிட்டது. மெஷின் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அவள் பையைத் திறந்து, அடுக்கிய துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து அலமாரியில் வைத்தாள். சாம்பல் சட்டையை மட்டும் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, துவைக்கிற வாளியில் போட்டாள்.

தையல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, டேப்பைக் கழுத்தில் சரிசெய்துகொண்டு, கொட்டகையை அளக்கப் படியிறங்கினார். நாலு படி இறங்குவதற்குள் மேலேயிருந்து அவள் குரல் வந்தது.

"லைட்டுக்குச் சட்டை தைச்சிடாதீங்க!"