உச்சி வெயிலில் வந்த பத்திரம்

"செத்த மண்" என்று ஊரே தீர்ப்பெழுதிய சரளைப் பருத்திக் காட்டில், இடுப்பில் கைவைத்து நின்றாள் மூத்த மருமகள். எதிரே, பத்திரமும் கையுமாகக் கொழுந்தன். அவன் பின்னால், அந்த மண்ணை அள்ளிச் சாலைக்குக் கொட்டக் காத்திருக்கும் லாரிக்காரர். தன் பங்குக்குக் கொழுந்தன் ஒப்பமிட்டாயிற்று. அடுத்திருக்கும் அவள் பங்கும் சேர்ந்தால்தான் லாரி வரும். இந்த ஆண்டும் பருத்தி காய்ந்தால் கையெழுத்திடுவதாக அவளே வாக்குக் கொடுத்திருந்தாள். மழை முகம் காட்டி இருபத்திரண்டு நாளாகிறது.

"பாருங்கண்ணி, இலையெல்லாம் தொங்கிப்போச்சு. போன வருஷம் பச்சைச் சாணியக் கொட்டிக் கறையானுக்கு விருந்து வெச்சீங்க. இந்த வருஷம் யாருக்கு?"

கேலி சுட்டது, பொய்யில்லையே! மட்காத சாணத்தை அவசரப்பட்டு இறைத்தவள் அவள்தான். வேரைக் கறையான் தின்றதைக் கண்ணால் கண்டவளும் அவள்தான். அதற்காக மண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதா? இந்த முறை, எரிக்கவிருந்த பருத்திமாரை, அந்தக் காய்ந்த செடிக் குச்சிகளை, நறுக்கிக் குழியிலிட்டாள். சாணக் கரைசல் ஊற்றினாள். மூன்று முறை புரட்டினாள். எட்டு மாதம் பொறுத்து, கைபட்டால் பொலபொலவென உதிரும் பதம் வந்த பிறகே காட்டில் இறைத்தாள்.

"தம்பி, உச்சி வெயில்ல எந்தப் பருத்தி தலை நிமிர்ந்து நிக்கும்? வெயில் சாயட்டும். அப்பவும் தொங்கினா கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

"அதுவரைக்கும் நான் என்ன பண்றது?"

"வரப்புல உக்காருங்க. காட்டுல நீங்க ஒரு நாழி இருந்து நான் பார்த்ததே இல்லை."

லாரிக்காரர் சிரிப்பை இருமலாக்கி விழுங்கினார்.

வெயில் சாய்ந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம், மூட்டை உரத்தை மட்டுமே நம்பிய கொழுந்தனின் பருத்தி மொட்டுகளை உதிர்த்துவிட்டுத் தொங்கியது தொங்கியபடியே நின்றது. இந்தப் பக்கம் இலைகள் ஒவ்வொன்றாக விரிந்தன, நிமிர்ந்தன. அவள் மண்வெட்டியால் ஒரு சாண் ஆழம் வெட்டினாள். கருத்த ஈரமண்ணை அள்ளிக் கொழுந்தனின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

"பிடிச்சுப் பாருங்க. செத்ததுக்கு வேர்க்குமா?"



"வாப்பா, போவோம். இந்தம்மா போடமாட்டாங்க" என்று லாரிக்காரர் நடையைக் கட்டினார்.

அவள் பத்திரத்தை வாங்கினாள். நான்காகக் கிழித்தாள். அடுத்த ஆண்டுக்கான உரக்குழியில் போட்டு, மேலே ஒரு கூடைச் சாணத்தைக் கவிழ்த்தாள்.

"ஐயோ, முத்திரைத்தாள் அண்ணி!"

"அதுவும் மக்கும் தம்பி. அவசரப்படக் கூடாது. எட்டு மாசம் ஆகும்."