மத்தியாஸின் பாட்டுக் கிழவன்

ஈப்போ பக்கத்துக் குனோங் ராபாட்டில் மத்தியாஸ் வீட்டுக் கார் கொட்டகையில் ஞாயிறு பிற்பகல்களில் கூடுகிற கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. பாட்டின் பெயரை முன்கூட்டிச் சொல்லக் கூடாது. கொண்டுவருகிறவர் இசைத்தட்டை உறையோடு தமிழ்ப் பத்திரிகையில் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து, உறையைக் காட்டாமல் தட்டை மட்டும் உருவி ஓடவிட வேண்டும். பாட்டு முழுதாக முடிந்த பிறகு, அதை முதன்முதலில் எங்கே கேட்டோம், யாரோடு கேட்டோம், அன்றைக்கு என்ன சாப்பிட்டோம் என்று ஆளாளுக்குச் சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் பொட்டலம் பிரியும். பெயரைச் சொல்லிவிட்டால் மனுஷன் காதால் கேட்பதில்லை, பெயரால் கேட்கிறான் என்பது மத்தியாஸின் கட்சி.

கூட்டம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மொத்தம் மூன்று பேர். மத்தியாஸ் தொலைபேசிக் கம்பி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கனகராஜ் காரில் ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகும் சித்தியவானில் டயர் கடை வைத்திருப்பவர். மத்தியாஸோடு ஒரே ரப்பர் தோட்டத்தில், அடுத்தடுத்த லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவர். சரளா பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். ஈப்போவில் ஓர் இசைத்தட்டுக் கடையை மூடியபோது மிச்சமிருந்ததைப் பெட்டி பெட்டியாக வாங்கிப் போட்டவர். மூவருக்கும் பிடித்திருந்த பைத்தியம் ஒன்றுதான்: பழைய இங்கிலீஷ் ராக் பாட்டு, அதற்கும் பழைய புளூஸ் பாட்டு. மத்தியாஸின் மனைவி எல்ஸிக்கு இதில் சேர்த்தியில்லை. மாவில் மடித்த கறி பாப் பொரித்துக் கொண்டுவந்து வைப்பார், “இன்னிக்கு யாரு கத்துறா?” என்று கேட்பார், பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்விடுவார்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியாஸ் வினையை விலை கொடுத்து வாங்கிக்கொண்டார். இத்தனை வருஷமும் அலமாரியில் துணிக்கு அடியில் வைத்து, எப்போதாவது ஒருமுறை தனியாக எடுத்துக் கேட்கிற ஒலிநாடாவை அன்றைக்கு வெளியே கொண்டுவந்தார். அதன்மேல் பெயர் கிடையாது, ஊர் கிடையாது. ஒரே ஒரு பாட்டு. டேப் பெட்டியில் போட்டுப் பொத்தானை அழுத்தினார். கித்தார் நாலு இழுப்பு இழுத்திருக்கும். பெட்டிக்குள் கரகரவென்று ஒரு சத்தம். திறந்து பார்த்தால் நாடா முழுவதும் உருளையில் சுற்றிக்கொண்டு, கசங்கி, நாலைந்து இடத்தில் அறுந்து கிடந்தது.

“ரோசாக் ஆயிருச்சுலா மச்சான்,” என்றார் கனகராஜ். கெட்டுப்போனதைச் சொல்ல வேறு ஓர் ஆள் வேண்டுமா? மத்தியாஸ் அறுந்த துண்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். சரளா ஒரு துண்டைக் கையில் எடுத்து நீவிப் பார்த்துவிட்டு மெதுவாகத் தலையை ஆட்டினார்.

“பாட்டு பேரு தெரியாட்டி என்னாண்ணே, யாரு பாடுனதுன்னாவது தெரியுமா?” என்று கேட்டார்.

“ஒரு கிழவன்,” என்றார் மத்தியாஸ். “கறுப்பினக் கிழவன். அறுவது, எழுவது வயசு இருக்கும். நல்லா அடிபட்ட குரல்.”

பிறகு அவரே சொன்னார். அவருக்குப் பதினேழு வயது நடக்கையில் அப்பா காய்ச்சலில் போய்விட்டார். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அப்பா சீவிவந்த ரப்பர் மரங்களை இவர் சீவப் போக வேண்டியதாயிற்று. அழுகை வரவில்லை, சோறும் இறங்கவில்லை. அந்த வாரம்தான் கனகராஜ் இந்த நாடாவைக் கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய அண்ணன் லூமுட் துறைமுகத்தில் ஒரு கப்பல்காரனிடம் இரவல் வாங்கியதன் நகல். பாட்டின் இங்கிலீஷ் மத்தியாஸுக்குப் பாதிகூடப் புரியவில்லை. ஆனாலும் அந்தக் கிழவன் அவ்வளவு நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பவனாகப் பாடினான். அவசரப்படாதே, இதையும் தாண்டலாம் என்று அவன் தன்னிடம் சொல்வதாகவே மத்தியாஸ் எடுத்துக்கொண்டார். அன்றைக்குத்தான் அழுதார். கம்பி வேலைக்கு மனுப் போடுமுன் கிழவனைக் கேட்டார். எல்ஸியைப் பெண் பார்க்கப் போகுமுன்னும் கேட்டார்.

“எனக்கு ரெண்டு மாமனாரு,” என்றார் கறி பாப் தட்டை எடுக்க வந்த எல்ஸி. “ஒருத்தர நான் பார்த்ததே இல்ல. இன்னொருத்தரு பல்லு வலி வந்த மாதிரி பாடிக்கிட்டே இருப்பாரு.” வழக்கமாகச் சிரிக்கிற மத்தியாஸ் அன்று சிரிக்கவில்லை. எல்ஸிக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் என்றிருந்தது.

சரளா தம் கைத்தொலைபேசியை நீட்டி, பாட்டை முனகச் சொன்னார். முனகினால் இன்ன பாட்டு என்று கண்டுபிடித்துச் சொல்லுமாம். மத்தியாஸ் கண்ணை மூடிக்கொண்டு கிழவனின் நடையிலேயே முனகினார். தொலைபேசி யோசித்து யோசித்து, பக்திப் பாடல் ஒன்றைக் காட்டியது. கனகராஜ் வேறுபக்கம் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது.

அந்த வாரம் முழுக்க மத்தியாஸ் வீட்டில் இருப்பே கொள்ளாமல் திரிந்தார். மெட்டு மனசில் இருந்தது. குரல்தான் கைநழுவிக்கொண்டே போனது. முந்தாநாள் நினைவிருந்த குழைவு இன்றைக்கு இல்லை. அப்பாவின் முகமும் இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துபோனது என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. இன்னும் சில மாதங்களில் கிழவனும் முழுசாகப் போய்விடுவான் என்று அவர் பயந்தார். அந்தப் பயத்தை எல்ஸியிடம்கூடச் சொல்ல வெட்கமாக இருந்தது.

இந்த ஞாயிறு மத்தியாஸ் மாதா கோயில் முடிந்து வந்து சாப்பிட்டு எழுந்ததும் சரளா வந்துவிட்டார். கையில் பத்திரிகைப் பொட்டலம். சின்னத் தட்டு, பக்கத்துக்கு ஒரு பாட்டு இருக்கிற வகை. முகத்தில் ஏதோ ஒளித்துவைத்த களை தெரிந்தது. ஆனாலும் சட்டம் சட்டம்தானே, வாயைத் திறக்கவில்லை. கனகராஜ் சித்தியவானிலிருந்து வந்து சேர்ந்து, தேநீர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, சரளா தட்டைச் சுழலவிட்டு ஊசியை வைத்தார்.

துள்ளிக்கொண்டு கிளம்பியது பாட்டு. மத்தளமும் கித்தாரும் ஒன்றையொன்று துரத்த, இளம்பெண் ஒருத்தி குரலை உயர்த்திப் பிய்த்து உதறினாள். யாரோ ஒரு தடியன் அவள் காரை ஓட்டிக்கொண்டு ஊர் மேய்ந்துவிட்டு வந்திருக்கிறான். சாவியை வைத்துவிட்டு வெளியே போடா என்று நிற்க வைத்து வாங்குகிறாள். மத்தியாஸுக்குக் கால் தாளம் போட்டது. பாட்டு முடிந்ததும் மரியாதைக்குத் தலையாட்டினார்.

“நல்லாதான் இருக்கு. நான் கேட்டதே இல்ல. நீ எங்க கேட்ட சரளா?”

சரளா கனகராஜைப் பார்த்தார். கனகராஜ் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

“மச்சான், அந்த கித்தார் இழுப்ப கேட்டியா? நடுவுல மேல போயி எறங்குச்சே. அதேதான்லா. உன் பாட்டுடா இது!”

“உனக்கு என்னா கிறுக்கா? இது பொம்பளப் புள்ள.”

“நீங்க முனகுனத ரெக்கார்ட் பண்ணிட்டுப் போனேன்ணே,” என்றார் சரளா. “சிக்னல்ல நிக்கும்போது நானே பாடிப் பார்த்தேன். பச்ச விழுந்துச்சு, பின்னால ஹாரன் அடிக்கிறான், அவசரத்துல வேகமா பாடிட்டேன். அப்பதான் மண்டையில அடிச்ச மாதிரி இருந்துச்சு. இந்தத் தட்டு என்கிட்டயே கெடந்துருக்கு.”

கனகராஜ் எழுந்து கொட்டகையில் இங்குமங்கும் நடந்தார். கணக்குத் தப்பியவன்போல் விரல்களை மடக்கி எண்ணினார். பிறகு நின்றார்.

“பேட்ரிலா மச்சான். எல்லாம் அந்தப் பேட்ரி. எங்கண்ணன் அந்த டேப்ப ஒரு ராத்திரிக்குத்தான் குடுத்தாரு, விடிஞ்சா திருப்பணும். லயத்துல கரண்ட நிறுத்திட்டாங்க. டேப்பு மிஷினு ரெண்டு இருக்கு, புது பேட்ரி ஒரு செட்டுதான். நல்லா பதியட்டும்னு புதுச பதியிற மிஷின்ல போட்டுட்டேன். பாடுற மிஷின்ல பழசு. கொஞ்சம் உசுரு வரட்டும்னு தகரக் கூரையில வெயில்ல காயப் போட்டு எடுத்து வெச்சிருந்தது. செத்த பேட்ரி, மெதுவாத்தான சுத்தியிருக்கும்? கொரலும் தடிச்சுப் போயிருக்கும். நானும் அன்னிக்கு மட்டும்தான் கேட்டேன். பாட்டே அப்படித்தான்னு நெனச்சேன்.”

வெயிலில் காயவைத்த பேட்டரியை அந்தக் காலத்தில் வைத்திருக்காத வீடு எந்தத் தோட்டத்திலும் கிடையாது. அது மத்தியாஸுக்கும் தெரியும்.

“அப்ப அந்தக் கிழவன்?”

“கிழவனே கெடையாதுலா.”

மத்தியாஸுக்கு நாடா அறுந்தபோதுகூட எங்கோ ஒரு கிழவன் இருந்தான், பாடினான், செத்தும் போயிருப்பான் என்றொரு ஆறுதல் மிச்சமிருந்தது. இப்போது அதுவும் போயிற்று. பதினேழு வயதில் தன்னைப் பிடித்து நிறுத்தியது கார்ச் சாவிக்காகச் சண்டை போட்ட ஒரு பெண். சிரிப்பதா அழுவதா என்று விளங்கவில்லை. நம்மை மடையனாக்கிய ஆள்மேல் வருகிற கோபம் கனகராஜ்மேல் சுருக்கென்று வந்தது.

“இருங்கண்ணே,” என்றார் சரளா. தட்டுப்பெட்டியின் ஓரத்தில் இருந்த சின்ன விசையைத் தொட்டுக் காட்டினார். சின்னத் தட்டுக்கு நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து சுற்று, பெரிய தட்டுக்கு முப்பத்து மூன்று என்று இரண்டு வேகம் அதில் உண்டு. விசையை முப்பத்து மூன்றுக்குத் தள்ளிவிட்டு ஊசியை மறுபடி வைத்தார்.

கித்தார் தரையோடு தரையாக ஊர்ந்து வந்தது. அதன்மேல் கிழவன் வாயைத் திறந்தான்.

அவனேதான். அடிபட்ட அதே தொண்டை, அதே நிதானம். ஒரு சொல்லை வைத்துவிட்டு, மூச்சு விட்டு, அடுத்ததை எடுத்தான். அடுப்படியில் இருந்த எல்ஸி கையில் கரண்டியோடு வாசலுக்கு வந்து, “அய்யோ, மாமனாரு!” என்றார். மத்தியாஸின் கண்ணிலிருந்து பொலபொலவென்று வந்தது. துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பாட்டின் நடுவில் கித்தார் மேலே போய் இறங்குகிற இடம் வந்ததும் அவர் விரலை உயர்த்தினார். “இப்ப பாருங்க. இங்கதான் கிழவன் ஒரு தடவ இருமுவான். எனக்கு உசுரே அந்த இருமல்தான். நம்மாளும் நோயாளிதான், இருந்தும் பாடுறான் பாருன்னு...”

கித்தார் இறங்கியது. இருமல் வரவில்லை. கிழவன் அடுத்த அடிக்குப் போய்விட்டான். மத்தியாஸின் விரல் அந்தரத்தில் நின்றது.

“அது நான்தான்டா,” என்றார் கனகராஜ்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

“ரெண்டு மிஷினையும் சேக்க ஒயரு கெடையாது. ஒரு மிஷின இன்னொன்னு வாய்க்கு நேரா புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அன்னிக்கு எனக்கு நெஞ்சு சளி. பாட்டு முடியிற வரைக்கும் அடக்கிப் பார்த்தேன், முடியல. மறுபடி பதியலாம்னா பேட்ரி படுத்துருச்சு. நீ சாப்புடாம கெடக்குறன்னு உங்கம்மா வந்து எங்கம்மாகிட்ட அழுதாங்க. சரி, இருமல் இருந்தா இருந்துட்டுப் போவுதுன்னு கொண்டாந்து குடுத்துட்டேன். உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்.”

மத்தியாஸ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சற்றுமுன் வந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. செத்த பேட்டரியும் சளிபிடித்த நெஞ்சுமாகக் கிழவனைச் செய்து கொடுத்தவன், டயர்க் கறை போகாத நகத்தோடு எதிரே உட்கார்ந்திருந்தான். ஞாயிறுதோறும் சித்தியவானிலிருந்து வந்து எதிரேதான் உட்கார்ந்திருக்கிறான்.

தட்டு ஓடி முடிந்து ஊசி சும்மா உரசிக்கொண்டிருந்தது. சரளா பொட்டலத்தைப் பிரிக்கக் கை வைத்தார்.

“வேணாம் சரளா. பேரு அப்புறம் பார்த்துக்கலாம். இன்னொரு தடவ மெதுவாவே போடு.” மத்தியாஸ் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய்க் கனகராஜின் பக்கத்தில் போட்டார். “மச்சான், அந்த எடம் வந்ததும் நீ இருமு.”

“சளி இல்லாம எப்படிடா இருமுறது?”

“எப்படியாச்சும் இருமு.”

எல்ஸி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். கிழவன் பாட ஆரம்பித்தான். கனகராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிக்கூட மேடையில் ஏறியவர்போல் நிமிர்ந்து உட்கார்ந்து காத்திருந்தார். கித்தார் மேலே போனது. இறங்குமுன்னே அவசரப்பட்டு இருமிவிட்டார். மத்தியாஸ் அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டு பாட்டு முடியும்வரை எடுக்கவில்லை.